முடியும் என்று எழுதிவிட்டார்

அத்தியாயம் 14

"இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"கிடைச்சா?"

"பட்டி போடாம அடிச்சிருக்கான், குருவி. ஈரம் காயவே இல்லை. பாரு, கொப்புளம் கொப்புளமா உப்பிட்டு நிக்குது."

"மெதுவாப் பேசுங்க. இவங்ககிட்டதான் உதவி கேட்டு வந்திருக்கோம்."

"உதவி கேட்க வந்தா சுவரைப் பார்க்கக் கூடாதா?"

"டேய்!" என்றாள் அவருடைய அக்கா. "சுவருக்கு நொட்டை சொல்றதுக்கா டோக்கன் வாங்கினே? நம்ம நம்பர் அறுபத்து மூணு. இப்போ ஓடறது அம்பத்தொன்பது. வாயை மூடிட்டு உட்காரு."

அவள் அதைக் காதோடு காதாகத்தான் சொன்னாள். ஆனால் இருபது வருஷம் டவுன் பஸ் ஓட்டிய தொண்டை அது. உதவித்தொகை அலுவலகக் கூடத்தில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை.

குருவியின் கணவர், பெயிண்டர், வாயை மூடிக்கொண்டார். கண்ணை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, யாரையும் கிட்டே விடாமல், இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, எட்டுப் பக்க விண்ணப்பத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனாரே, அதோடு போன அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. முதுகில் இரண்டு ஆபரேஷன். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. விரல்கள் பிடித்ததைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். வேலை செய்ய இயலாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகைக்கு எழுதிப் போட, அக்கா ஒரு வருஷம் கத்த வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தின்மேல் நேரில் விசாரிக்கத்தான் இன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதில் என்ன எழுதினார் என்று மட்டும் குருவிக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பதில் அவள் கைவேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பேர் குருவி. இப்போது வீட்டிலும் அதே பேர்தான். உதவித்தொகை வந்துவிட்டால் காலை ஷிப்டை முடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடலாம். வராவிட்டால், சூப்பர்வைசர் மூன்று மாதமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது ஷிப்டுக்குத் தலையாட்ட வேண்டியதுதான். அப்புறம் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டில் அவர் தனியாக. விண்ணப்பத்தை ஒரு தடவை தள்ளுபடி செய்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது என்று வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மணி அடித்தது. அறுபத்து மூன்று.

நாலாம் எண் அறைக்குள் குருவி முதலில் நுழைந்தாள். நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, லேசாகத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் பைக்குள் எதையோ தேடினாள். பெயிண்டர் இடது கையை மேஜையில் ஊன்றி, சுலபமாக உட்கார்ந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு குருவியைப் பார்த்தாள். ஃபைலின் மேல் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று இருந்தது. அதை நகர்த்திவிட்டுக் காகிதத்தைப் பிரித்தாள்.

"படிவத்தை நீங்களே நிரப்பினீங்களா?"

"ஆமாம் மேடம். யார் உதவியும் இல்லாம."

"அதான் தெரியுது. இருபது கேள்வி. பதினெட்டுக்கு ‘முடியும்’னு எழுதியிருக்கீங்க."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

"மேடம், இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். ஜுரம் நூத்தி மூணு இருக்கும், ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துட்டு வருவான்..."

"நீங்க யாரும்மா?"

"கூடப் பிறந்த அக்கா."

"கேட்கும்போது சொல்லுங்கம்மா." அதிகாரி பெயிண்டர் பக்கம் திரும்பினாள். "இதை இப்படியே மேலே அனுப்பினா ரெண்டே நாள்ல திரும்பி வந்துடும். வேலை செய்ய முடியாதுன்னு விண்ணப்பம் போட்டுட்டு எல்லாம் முடியும்னு எழுதினா நான் என்ன பண்றது?"

"பொய் எழுத முடியாதே மேடம். முடியறதை முடியும்னுதானே எழுதணும்?"

"சரி, கேட்கிறேன். அம்பது மீட்டர் நிக்காம நடப்பீங்களா?"

"நடப்பேன். தினமும் சாயங்காலம் இவளோட கடைத்தெரு போயிட்டு வர்றேன்."

"நடுவில எங்கேயும் நிக்காம?"

"நான் எங்கே நிக்கறேன்? இவதான் நிப்பா. துணிக்கடை, பாத்திரக்கடை, பூட்டு விக்கிற கடையைக்கூட விடமாட்டா. கண்ணாடியில மூக்கை ஒட்டி வச்சுப் பார்ப்பா. ரெண்டு வருஷமா பார்க்கிறா மேடம், ஒரு கைக்குட்டை வாங்கினது கிடையாது."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினாள். குருவி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டை போட்டுக்கறது?"

"நானே."

"பித்தான் போடறது?"

"அது போட்டேதான் இருக்கும். கழுத்து வழியா மாட்டிக்குவேன். சலவைப் பிரிவுல எல்லாப் பித்தானும் போட்டுத்தான் மடிக்கணுமாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு இவளுக்கு."

"சாப்பாடு?"

"ஸ்பூனால நானே சாப்பிடுவேன்."

"வெட்டறது, பிய்க்கறது?"

"எங்க வீட்ல அதுக்கெல்லாம் வேலையே இல்லை மேடம். இவளுக்குப் பல் வலி. எல்லாத்தையும் பொடிசா நறுக்கித்தான் சமைப்பா. டாக்டர்கிட்ட போடின்னா போகமாட்டேங்கறா. ரெண்டு வருஷமா ஒரு மனுஷிக்குப் பல் வலிக்குமா? நீங்களே சொல்லுங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தாள். பெயிண்டரின் படிவத்தைத் திருப்பிக் கவிழ்த்தாள்.

"உங்களைக் கேட்டது போதும். அம்மா, நீங்க சொல்லுங்க."

"நானா?" என்றாள் குருவி. "என்ன சொல்லணும்?"

"இவரைப் பத்தி வேண்டாம். உங்க நாளைப் பத்திச் சொல்லுங்க. காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"நாலரைக்கு."

"ஷிப்டு?"

"ஏழு மணிக்கு."

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"நடந்தா இருபது நிமிஷம்."

"அப்போ நாலரையிலேர்ந்து ரெண்டு மணி நேரம் என்ன பண்றீங்க?"

அந்த இரண்டு மணி நேரம் யாருக்கும் தெரியாதது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தெரியவே கூடாது என்றுதான் அத்தனை சீக்கிரம் எழுந்தாள். சொன்னால் அவர் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் வாசல் பலகையில் எழுதியிருந்த ஒரு வருஷம்.

மேஜைக்கு அடியில் அக்காவின் கால் அவள் காலை நங்கென்று ஒரு மிதி மிதித்தது. பிரேக் மிதித்துப் பழகிய கால்.

"பாத்ரூம்ல வாளியில பாதித் தண்ணி பிடிச்சு வைப்பேன்," என்று ஆரம்பித்தாள் குருவி. "முழு வாளின்னா அவரால நகர்த்த முடியாது. குழாயில தண்ணி சரியா வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"தண்ணி வருதா?" என்றார் பெயிண்டர்.

"வருதுங்க."

"அப்புறம்?" என்றாள் அதிகாரி.

"டப்பா மூடி எல்லாத்தையும் ஒரு சுத்து தளர்த்தி வைப்பேன். மத்தியானச் சாப்பாட்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைப்பேன். மேல் அலமாரிக்குக் கை போகாது. தண்ணியைச் சின்னச் சின்ன டம்ளர்ல ஊத்தி வச்சிடுவேன், ஜாடி தூக்கினா கை விட்டுடும். துண்டு, சட்டை, மாத்திரை எல்லாம் கட்டில் பக்கத்துல இடது கைக்கு. மாத்திரையை அட்டையிலேர்ந்து பிதுக்கித் தனித்தனியா கிண்ணத்துல."

"கட்டில் காலுக்குக் கீழே கட்டை வச்சியே," என்றார் பெயிண்டர் மெதுவாக. "அடியில பெருக்க வசதியா இருக்கும்னு..."

"உயரமா இருந்தா நீங்க எழுந்திருக்கச் சுலபம்."

"என் கயிறு வச்ச ஷூவை எலி கடிச்சிடுச்சுன்னியே?"

"பரண்ல இருக்கு."

"கடைத்தெரு?"

அதிகாரி குறுக்கிட்டுக் கேட்டாள்: "கடைத்தெரு போயிட்டு வர்றதுக்குள்ள எத்தனை தடவை நின்னு கடைக் கண்ணாடி பார்ப்பீங்க?"

"போகும்போது நாலு தடவை. வரும்போது ஆறு. அவர் மூச்சு சீராகிற வரைக்கும் பார்ப்பேன்."

அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. அது அந்தக் குடும்பத்தில் அதிசயம்.

பெயிண்டரின் கழுத்து சிவந்துவிட்டது.

"என்னைக் குழந்தை மாதிரி வச்சிருக்கியா நீ?"

"குழந்தையா இருந்தா சொல்லிச் சொல்லிச் செஞ்சிருப்பேன்," என்றாள் குருவி. "நீங்க பெரிய மனுஷன். அதான் சொல்லாம செஞ்சேன்."

அவர் மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை மடக்கிப் பார்த்தார். சுண்டுவிரலும் அடுத்ததும் சொன்னதைக் கேட்கவில்லை. அதிகாரி சத்தமில்லாமல் பிஸ்கட்டின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். அவசரமே இல்லாதவள் மாதிரி.

பெயிண்டர் தலையை நிமிர்த்தி, "அப்போ உன் பல்லு?" என்றார்.

"பல்லுக்கு ஒன்னும் இல்லைங்க."

"ஒன்னுமே இல்லையா?"

"கல்லைக் கொடுத்தாலும் கடிப்பேன்."

"அடிப்பாவி! மாசா மாசம் கிராம்புத் தைலம் வாங்கிட்டு வந்து கொடுத்தேனே!"

"அது அலமாரியில எறும்பு வராம இருக்கத் தடவிட்டேன். நல்லாக் கேக்குது."

முதலில் வெடித்தது அக்காதான். அந்தச் சிரிப்பில் ஃபைல் பறந்துவிடும்போல் இருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராத்திரி நான் முழிச்சுக்கிட்டுக் கவலைப்படுவேன் மேடம், இவ பல்லெல்லாம் கொட்டிப் போயிடுமேன்னு!" என்று சொல்லச் சொல்ல, பெயிண்டருக்கும் உதடு கோணிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குருவி மட்டும் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். ஆனால் இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை என்பதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"சரி, இப்போ கேளுங்க," என்றாள் அதிகாரி, புதிதாக ஒரு படிவத்தை எடுத்து. "இந்தக் கேள்விக்கெல்லாம் அர்த்தம் என்னன்னா, தனியா, தினமும், யாரும் முன்னாடியே எதுவும் செஞ்சு வைக்காம உங்களால முடியுமான்னுதான். அப்படி நினைச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க, உங்க வீட்டம்மா எழுதட்டும். ஒன்னாம் கேள்வி. நிறைஞ்ச பாத்திரத்தைத் தூக்கி அடுத்த இடத்துல வைக்க முடியுமா?"

பெயிண்டர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒன்னு சொல்லட்டுமா? இருபத்தாறு வருஷம் வேலை எடுத்துச் செஞ்சவன் நான். அடை மழையில வந்து, மூணு நாள்ல மாடி முழுக்க அடிச்சு முடிக்க முடியுமான்னு கேட்பாங்க. முடியும்னுதான் சொல்லுவேன். அந்த வார்த்தையை மாத்திச் சொன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"இங்கே அடுத்த ஆளுக்குப் போகாது. இது உங்க பேர்ல இருக்கிற ஃபைல்."

அவர் குருவியைப் பார்த்தார். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முடியாது," என்றார்.

"சத்தமாச் சொல்லுடா, அவளுக்குக் கேட்கணும்," என்றாள் அக்கா.

"முடியாதுன்னு எழுது குருவி."

அதற்கப்புறம் சிரமப்படவில்லை. ஐந்தாம் கேள்விக்கு வந்தபோது பழக்கப்பட்டவர்போல் அவரே முந்திக்கொண்டு சொன்னார். ஒரே ஒரு இடத்தில்தான் தகராறு. மற்றவர்களோடு பேசிப் பழக முடியுமா என்ற கேள்விக்கு அவர் யோசிக்க ஆரம்பிக்க, "அதுக்கு ரொம்ப முடியும்னு எழுது குருவி, கூடவே நிறுத்தத்தான் முடியாதுன்னும் போடு," என்றாள் அக்கா. அதிகாரி ‘முடியும்’ என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

கடைசிப் பக்கத்தில் அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அதிகாரி முத்திரை குத்தி, படிவத்தின் அடியில் இருந்த ரசீதைக் கிழித்துக் குருவியிடம் கொடுத்தாள். இந்தத் தடவை படிவம் திரும்பி வராது என்று அதிகாரியின் முகம் சொன்னது.

"டாக்டர் கொடுத்த சீட்டு எல்லாம் சரியா இருக்கு. இந்தப் படிவம் போதும், நான் பரிந்துரை எழுதிடறேன். வியாழக்கிழமை ஒருத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அன்னைக்கு மட்டும் எதையும் தளர்த்தி வைக்காதீங்கம்மா. வாளி, மூடி எல்லாம் எல்லார் வீட்லயும் இருக்கிற மாதிரி இருக்கட்டும்."

"சரிங்க மேடம்."

"வீட்டில இருக்கிறவங்க ரெண்டு பேர்னு எழுதியிருக்கு. ரெண்டு பேர்தானே?"

"ரெண்டு பேர்தான்," என்றாள் குருவி.

"மூணு பேர்னா என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டாள் அக்கா.

"மூணாவது ஆள் சம்பாதிக்கிறவங்களா இருந்தா முதல்லேர்ந்து பார்க்கணும். கிடைக்காமக்கூடப் போகலாம். ஏன், யாராவது வர்றாங்களா?"

"சும்மா கேட்டு வச்சேன் மேடம்."

அக்கா எதையும் சும்மா கேட்கிற ஆள் இல்லை. குருவி திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

வாசலில் இறங்க ஐந்து படி. வழக்கம்போல் குருவி ஒரு படி முன்னால் இறங்கி, செருப்பு வாரைச் சரி செய்கிறவள்போல் குனிய ஆரம்பித்தாள். அப்படி அவள் நின்றால் அவர் கை தானாக அவள் தோளுக்கு வரும்.

"உன் செருப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் பெயிண்டர், மேலே நின்றபடி. "நிமிரு. கையைக் கொடு."

உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களுமாகப் படி நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் கேட்டார். குருவி நிமிர்ந்து கையைக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு படியாக, நிதானமாக, வலிக்கிற இடத்தில் "ஸ்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினார். இரண்டு வருஷத்தில் அந்த "ஸ்" அவள் காதில் விழுந்தது அன்றுதான். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கே புரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே போன வண்டி ஒவ்வொன்றையும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கும் குறை சொல்லவில்லை.

"அண்ணி," என்றாள் குருவி. "உள்ளே ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"எதை?"

"மூணு பேர்னா என்னன்னு."

"அந்த வண்டியில கிளட்ச் போயிடுச்சு. சத்தம் கேட்குதா?"

"அக்கா," என்றார் பெயிண்டர். "இன்னைக்கு நான் வெட்கத்தை விட்டு இருபது கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கேன். நீ ஒன்னே ஒன்னுக்குச் சொல்லு."

அக்கா கைப்பையை மடியில் இப்படியும் அப்படியும் புரட்டினாள்.

"பதினோரு நாளா டிப்போவுல லேடீஸ் ரூம்ல படுத்துக்கறேன்டா. உங்க மாமா இருக்கிற வீட்டுக்கு இனிமே போறதா இல்லை. ஏன், எதுக்குன்னு இப்போ கேட்காதே, நானே சொல்வேன். உங்க வீட்ல ஒரு மூலை கிடைச்சாப் போதும்னு இன்னைக்குக் கேட்கலாம்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள அந்த அம்மா இப்படி ஒரு குண்டைப் போட்டுட்டா. நான் சம்பளக்காரி. நான் வந்தா உனக்கு வர்றது நின்னு போயிடும். அதனால கேட்கலை. விட்டுடு."

"எதை விடறது? நம்ம வீட்டுக்கு வந்துடு."

"அதெப்படிடா முடியும்?"

"முடியும்," என்றார் பெயிண்டர்.

‘முடியாது’ என்று சொல்லப் பழகி முழுசாக அரை மணி ஆகவில்லை. அந்த வார்த்தை வாசலுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தது மாதிரி வந்து நின்றது.

குருவி கையிலிருந்த ரசீதைப் பிரித்துப் பார்த்தாள். வீட்டில் வசிப்பவர்கள்: இரண்டு. அவளே எழுதியது, மை கூட மங்கவில்லை. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். வருகிறவரிடம் இதைச் சொல்வதா, சொன்னால் அந்த முத்திரை என்ன ஆகும், இரண்டாவது ஷிப்டுக்கு நாளைக்கே சூப்பர்வைசரைப் பார்ப்பதா? இந்த மனிதர் எதையுமே யோசிக்காமல் சொல்லிவிட்டார். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சும் ஹாரன். அப்படிச் சத்தமில்லாமல் அழத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்?

பஸ் வந்தது. குருவி அவருக்குக் கை கொடுத்து ஏற்றினாள். திரும்பினால் அக்கா இன்னும் பெஞ்சில்தான் இருந்தாள்.

"எனக்கு டிப்போவுக்கு வேற வண்டி குருவி. நீங்க கிளம்புங்க."

"எத்தனை பேர்ம்மா? சீக்கிரம் சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

குருவி கீழே இறங்கி, அக்காவின் கைப்பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மூணு பேர்," என்றாள்.